போன் படித்துச் சொல்கிறது, நம்பலாமா?

செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மாற்றுத்திறனாளிகளுக்கு எந்த அளவுக்கு உதவும் என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை "எந்த ஆப் நல்லது?" ரகம். அதிலும் நான்கைந்து கடிதங்கள் என்னைத் தூங்க விடவில்லை. எனக்கும் பார்வை அநேகமாகக் கிடையாது, இந்தப் பக்கத்தையே ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள்) படித்துக் காட்டக் காட்டத்தான் தட்டச்சு செய்கிறேன். அதனால் பார்வை சம்பந்தப்பட்ட பதில்கள் அனுபவத்தில் எழுதியவை, மற்றவை அந்தந்த நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியவை. பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை நோயால் ஒரே வருடத்தில் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார். ஏஐ ஆப் ஏதாவது போட்டுக் கொடுத்தால் தனியாகச் சமாளிப்பாரா? எதைப் போடுவது?

சமாளிப்பார். ஆனால் ஆப் என்பது இரண்டாவது வேலை. முதலில் போனிலேயே இருக்கிற ஸ்கிரீன் ரீடரைப் பழக்குங்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். விரலை வைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். அவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் முதல் இரண்டு வாரம் எரிச்சலில் போனைத் தூக்கி எறிவார். எறியட்டும், எடுத்துக் கொடுங்கள். (நானும் எறிந்தவன்தான்.) அதற்கு முன்னால் நீங்களே ஒரு அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு அதை இயக்கிப் பாருங்கள், அவரிடம் பேசும் விதமே மாறிவிடும்.

அப்புறம் ஆப்கள். மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ 2017-இல் ஐபோனுக்கு வந்தது, 2023 இறுதியில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது. அதை முன்னின்று உருவாக்கிய சாகிப் ஷேக் என்பவரே பார்வையற்ற பொறியாளர். கூகுளின் லுக்அவுட் 2019-இலிருந்து இருக்கிறது. எனக்குப் பிடித்தது பி மை ஐஸ். 2015-இல் அது தொடங்கியபோது ஏஐ எதுவும் கிடையாது, வீடியோ அழைப்பில் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் வந்து "அது நீலச் சட்டைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். 2023-இல்தான் படத்தை விவரிக்கும் ஏஐயைச் சேர்த்தார்கள். அது பிடித்ததற்குக் காரணமே, ஏஐ சொன்னதில் சந்தேகம் வந்தால் அதே இடத்திலிருந்து ஒரு மனிதரைக் கூப்பிடலாம் என்பதுதான்.

ஏன் சந்தேகம் வர வேண்டும்? இதை அப்பாவுக்கு உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். எழுத்தைப் படிக்கும் இயந்திரம் புதிதல்ல, ரே கர்ஸ்வைல் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1976-லேயே பார்வையற்றவர்களுக்காக ஒன்றை அறிமுகப்படுத்தினார். அந்த வகை இயந்திரங்கள் எழுத்தின் வடிவத்தைப் பார்த்துப் படிக்கின்றன, தப்பாகப் படித்தால் "க்ஷ்ப்ட்ர" என்று உளறும், உளறுகிறது என்று நமக்கும் தெரிந்துவிடும். இப்போது வந்திருக்கும் ஏஐ அப்படியில்லை. தெரியாத இடத்தை, அங்கே என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்து நிரப்பிவிடும், அதையும் செய்தி வாசிப்பவர் மாதிரி தடுமாற்றமே இல்லாமல் சொல்லும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கண் சொட்டு மருந்து பாட்டிலைக் காட்டி "காலாவதி தேதி என்ன?" என்று ஒரு ஆப்பிடம் கேட்டேன் (எந்த ஆப் என்பது வேண்டாம், எல்லாமே இதைச் செய்யக்கூடியவைதான்). மாதம், வருடம் எல்லாம் சுத்தமாகச் சொன்னது. இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்று பத்து நாள் போட்டுக்கொண்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்த அண்ணன் மகன் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு "சித்தப்பா, இது முடிஞ்சு நாலு மாசமாச்சு" என்றான். தேதி அச்சிட்டிருந்தது பாட்டிலின் பின்பக்கத்தில். கேமராவுக்கு அந்தப் பக்கம் தெரியவே இல்லை, ஆனாலும் நான் தேதி கேட்டேன், அது தேதி கொடுத்தது.

அதிலிருந்து என் கேள்வி மாறிவிட்டது. "தேதி என்ன?" என்று கேட்பதில்லை. "தெரிகிற எழுத்தை மட்டும் அப்படியே படி, தேதி தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்" என்பேன். பாட்டிலைத் திருப்பி இன்னொரு படம் எடுத்து மறுபடி கேட்பேன், இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் நம்ப மாட்டேன். இதெல்லாம் தபால், மாதப் பில், டிவி ரிமோட் மாதிரி விஷயங்களுக்கு. மருந்துக்கு இதுகூட வேண்டாம். வாங்கிய அன்றே பார்வையுள்ளவர் யாராவது உதவ, காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்துக்கு இரண்டு என்று சுற்றி வைத்துவிட்டால் போதும், ரப்பர் பேண்ட் பொய் சொல்லாது. சாலையைக் கடக்கவும் ஏஐயை நம்பக் கூடாது, அதை ஆப் தயாரித்தவர்களே எச்சரிக்கிறார்கள். அதற்கு வெள்ளைக் கைத்தடியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும்தான்.

இன்னொன்று, நாம் எடுக்கும் படம் பெரும்பாலும் இணையம் வழியாக எங்கோ இருக்கும் கணினிக்குப் போகிறது. வங்கிக் காகிதம், அடையாள அட்டை எல்லாம் அப்படிப் போவது நல்லதல்ல. ஒரு எளிய சோதனை: இணையத்தை அணைத்துவிட்டு எழுத்தைக் காட்டுங்கள். அப்போதும் படித்தால் வேலை போனுக்குள்ளேயே நடக்கிறது என்று அர்த்தம். அந்தரங்கமான காகிதங்களுக்கு அந்த வசதியை மட்டும், இணையத்தை அணைத்தபடியே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மகள் மூன்றாம் வகுப்பு, பார்வை இல்லை. எல்லாவற்றையும்தான் போனே படித்துவிடுகிறதே, பிரெய்ல் எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

அவர்களுடைய பிள்ளைகளுக்கும் யூடியூப் இருக்கிறதே, எழுத்துப் பழகுவது எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். காதால் மட்டும் படிக்கிற குழந்தைக்கு மனம் எது, மணம் எது, அரம் எது, அறம் எது என்பது தெரியாமலேயே போய்விடும், இயந்திரக் குரலில் இரண்டும் ஒன்று போலத்தான் ஒலிக்கும். கணக்கில் பின்னத்தையும் அடைப்புக்குறியையும் காதில் வாங்கிப் போடச் சொல்வது கொடுமை. பிரெய்ல் கட்டாயம் கற்றுக்கொள்ளட்டும். போன் படிப்பதை விரலுக்குப் புள்ளிகளாக எழுப்பித் தரும் பிரெய்ல் டிஸ்ப்ளே கருவிகள் இருக்கின்றன, பிரெய்ல் தெரிந்தவர்களுக்குத்தான் அவற்றால் பயன்.

பிறவியிலேயே காது கேளாதவன் நான். அலுவலகக் கூட்டத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். "போன்லயே கேப்ஷன் வருதே, அதைப் பார்த்துக்கங்க" என்று முடித்துவிட்டார்கள். நான் கேட்டது அதிகமா?

அதிகமே இல்லை. நியாயமாக நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டும்.

பேச்சை எழுத்தாக்கும் வசதி அருமையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் 2019-இல் வந்தது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான திமித்ரி கனெவ்ஸ்கி காது கேளாத விஞ்ஞானி, காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகமும் அதில் சேர்ந்து உழைத்தது. மருந்துக் கடை கவுன்டரில், பக்கத்து இருக்கைக்காரரிடம், டாக்டர் எதிரே, எதிரில் ஒரே ஆள் நிதானமாகப் பேசுகிற எல்லா இடத்திலும் அது கைகொடுக்கும். ஆனால் கூட்டம் என்பது எட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுவது. யார் பேசியது என்று தெரியாது, மேஜையின் மறுகோடியில் இருப்பவர் முணுமுணுத்தது வராது, வருகிற வரியும் ஒரு நொடி தாமதமாக வரும், நீங்கள் அதைப் படித்துக் கை தூக்குவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். இன்னொன்றையும் உங்கள் அலுவலகம் மறந்துவிட்டது. கேப்ஷன் ஒருவழிப் பாதை. மற்றவர்கள் சொல்வது உங்களுக்கு வரும், நீங்கள் சொல்ல நினைப்பது அவர்களுக்கு எப்படிப் போகும்? மொழிபெயர்ப்பாளர் இரண்டு பக்கமும் வேலை செய்கிறார். தவிர, சைகை மொழியிலேயே வளர்ந்தவருக்கு எழுத்து என்பது இரண்டாவது மொழி, நம்மையெல்லாம் எட்டு மணி நேரம் இரண்டாவது மொழியில் ஓடுகிற வரிகளைப் படிக்கச் சொன்னால் தலைவலி வந்துவிடும்.

தவறுகளும் சாதாரணமானவை அல்ல. பரவலாகப் பயன்படுகிற விஸ்பர் என்ற பேச்சறியும் மென்பொருளை ஆராய்ந்தவர்கள் 2024-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: சுமார் 1 சதவீதப் பதிவுகளில், யாருமே பேசாத முழு வாக்கியங்களை அது சேர்த்திருந்தது. பேச்சுக்கு நடுவே வருகிற மௌனங்கள் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். பக்கவாதம் போன்றவற்றால் சொல் தேடித் தேடிப் பேசுகிறவர்களின் பதிவில் இது அதிகமாக இருந்தது. 1 சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் அந்த ஒன்று உங்கள் சம்பள உயர்வு பற்றிய கூட்டத்தில் வந்தால்?

இரண்டையும் கேளுங்கள், முக்கியமான கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர், தினசரிப் பேச்சுக்கு கேப்ஷன். கேப்ஷன் என்றால் மேஜைக்கு நடுவில் நல்ல மைக், ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர், பேசுவதற்கு முன் பெயர். கூட்டக் குறிப்பு கேப்ஷனிலிருந்து எடுப்பதாக இருந்தால் ஒரு மனிதர் சரிபார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக் கேட்டுவிடுங்கள்: "கேப்ஷன் தப்பாக வந்து அதனால் நான் தப்பாக வேலை செய்தால் பொறுப்பு யாருடையது?" எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள் நாங்கள். சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை செய்திருக்கிறோம். 26 ஆங்கில எழுத்துகளையும் சரியாகச் சொல்கிறது. உங்கள் பத்திரிகையில் எழுதுவீர்களா?

தம்பிகளா, தங்கைகளா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கையுறை பல நாடுகளில் பல கல்லூரிகளில் திரும்பத் திரும்பச் செய்யப்பட்டுவிட்டது. 2016-இல் அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் செய்த கையுறைக்குப் பெரிய பரிசே கிடைத்தது, உடனே அதை விமர்சித்து ஒரு திறந்த மடலும் வந்தது. விஷயம் இதுதான், சைகை மொழி கையில் மட்டும் இல்லை. புருவம் உயர்ந்தால் அது கேள்வி. உதடு, தோள், தலை சாய்ப்பு, கை அசைகிற இடம், எல்லாம் இலக்கணம். 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற மொழியியலாளர் அமெரிக்கச் சைகை மொழி முழுமையான ஒரு மொழி என்று ஆராய்ந்து எழுதினார், இன்று உலகத்தில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருப்பதாகக் கணக்கு. உங்கள் கையுறைக்குப் புருவம் தெரியாது. எழுத்தெழுத்தாகக் காட்டுவது பெயர் சொல்லும்போதும் சைகை இல்லாத சொல்லுக்கும் வைத்திருக்கிற வழி. ஒருவர் வந்து உங்களிடம் "த, ண், ணீ, ர், வே, ண், டு, ம்" என்று பேசினால் எப்படி இருக்கும்?

அதைவிட எனக்கு உறுத்துவது, கையுறையை மாட்டிக்கொள்ள வேண்டியவர் காது கேளாதவர், சௌகரியமோ காது கேட்கிறவருக்கு. நீங்கள் செய்து முடிக்கும் வரை ஒரு காது கேளாதவரிடமாவது "இது உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

வேலையை வீணாக்க வேண்டாம். கேமராவுக்கு முன்னால் ஒரு சைகையைச் செய்து காட்டினால் அதற்கான சொல்லைத் தேடித் தருகிற அகராதி செய்யுங்களேன். இப்போது சொல்லை வைத்துச் சைகையைத் தேடுவது சுலபம், சைகையை வைத்துச் சொல்லைத் தேடுவதுதான் கஷ்டம். காது கேளாத குழந்தையைப் பெற்ற அம்மா அப்பாவுக்கு அது பெரிய உதவி. பத்து விடைகளைக் காட்டி அதில் ஒன்று சரியாக இருந்தாலே போதும், தப்பானால் யாருக்கும் நஷ்டமில்லை. சைகை மொழி பேசுகிற இருவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டு, அவர்கள் நேரத்துக்குச் சம்பளமும் கொடுத்துச் செய்யுங்கள். அப்போது நிச்சயம் எழுதுகிறேன்.

கணவருக்கு மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழப்பது) என்று மூன்று மாதம் முன்பு உறுதியானது. பேச்சு லேசாகக் குழற ஆரம்பித்திருக்கிறது. குரலைச் சேமித்து வைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். இப்போதே அந்தப் பேச்சை எடுத்தால் உடைந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது அம்மா. இருந்தாலும் இந்த வாரமே பேசுங்கள். இதில் தள்ளிப்போட முடியாத ஒரே விஷயம் இதுதான், குழறல் கூடக் கூட அந்தக் குழறலும் சேர்ந்துதான் பதிவாகும்.

இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அவர் குரலைப் போலவே பேசுகிற இயந்திரக் குரலை உருவாக்குவது. ஆப்பிள் 2023-இல் பர்சனல் வாய்ஸ் என்ற வசதியைக் கொண்டுவந்தது, தொடக்கத்தில் ஏறக்குறைய 15 நிமிடம் வாக்கியங்களைப் படித்தால் போனே குரலை உருவாக்கிவிடும். முதலில் அது ஆங்கிலத்துக்குத்தான் வந்தது. தமிழுக்கு எந்தக் கருவி இன்று சரியாக வேலை செய்கிறது என்று தேடிக்கொண்டு உட்கார்ந்தால் நாள் போய்விடும், அதனால் கருவிக்குக் காத்திருக்காமல் வெறும் குரல் பதிவை எடுத்து வையுங்கள். அமைதியான அறை, மின்விசிறி அணைத்தது, களைப்பில்லாத காலை நேரம், தினமும் பத்து நிமிடம். செய்தித்தாள் படிக்கட்டும், பழைய கதை சொல்லட்டும். நல்ல பதிவு கையில் இருந்தால் பின்னால் வரும் எந்தக் கருவிக்கும் அதைக் கொடுக்கலாம். பழைய வீடியோக்களையும் வாட்ஸ்அப் குரல் செய்திகளையும் அழிக்காதீர்கள். அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் புற்றுநோய் அறுவை சிகிச்சையால் 2006-இல் பேச்சை இழந்தார். சில வருடம் கழித்து ஒரு ஸ்காட்லாந்து நிறுவனம் அவர் முன்பே டிவிடிகளுக்காகப் பேசிவைத்திருந்த பதிவுகளிலிருந்து அவருக்கு ஒரு குரலைச் செய்து கொடுத்தது.

இரண்டாவது வேலைதான் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. இதில் இயந்திரம் எதையும் உருவாக்குவதில்லை, அவர் சொல்வதை அப்படியே பதிந்து வைக்கிறோம். உங்களைக் கூப்பிடுகிற விதம், பிள்ளைகளைத் திட்டுகிற விதம், "டிவி சத்தத்தைக் கொறைங்கப்பா", தொண்டையைச் செருமுவது, சிரிப்பு. அந்தச் சிரிப்பை எந்த ஏஐயும் சரியாகச் செய்வதில்லை.

அவர் வேண்டாம் என்றால்? அதுவும் நடக்கும். இதே நோய் இருந்த, பேச முடியாத இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு நல்ல குரல்கள் எத்தனையோ வந்தன, அவர் கடைசிவரை அந்தப் பழைய இயந்திரக் குரலையே வைத்துக்கொண்டார், அதுதான் என் அடையாளம் என்றார். அந்தக் குரலே டென்னிஸ் கிளாட் என்ற ஆய்வாளர் தன் குரலை மாதிரியாக வைத்து உருவாக்கியது. உங்கள் கணவரும் வேறு குரல் போதும் என்று சொல்லலாம். அதனால் "பதிவு பண்ணலாம் வாங்க" என்று ஆரம்பிக்காமல் "உங்களுக்கு எப்படி வேணும்?" என்று கேளுங்கள். அந்தக் குரலை வேறு யார் பயன்படுத்தலாம், அவருக்குப் பிறகு அது இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதையும் இப்போதே அவர் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்துவிடட்டும். கேட்கக் கஷ்டம்தான், ஆனால் இன்று அவரால் பதில் சொல்ல முடிகிறது.

பின்னால் கையும் ஓய்ந்தால் கண் அசைவால் தட்டச்சு செய்யலாம், 2024-இலிருந்து ஐபோன், ஐபேடின் முன்கேமராவே அதைச் செய்கிறது, அதைவிடத் துல்லியமான தனிக் கருவிகளும் உண்டு. மெதுவாகத்தான் போகும். அங்கேதான் ஏஐ வந்து இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு மீதி வாக்கியத்தைத் தானே எழுதித் தரும், நேரம் மிச்சமாகும். ஆனால் நாளடைவில், எழுதித் தந்ததைத் திருத்துவதற்குச் சோம்பலாகி அதையே சொல்லிவிட்டுப் போவது என்று ஆகிவிடும் என்கிறார் இதைப் பயன்படுத்துகிற நண்பர் ஒருவர். "நான் இவ்வளவு பணிவான ஆளே இல்லடா, இது என்னை நல்லவனாக்கிடுச்சு" என்று எழுதிக் காட்டினார். உங்கள் கணவர் தட்டச்சு செய்து முடிக்கும் வரை காத்திருக்கும் பொறுமை உங்களுக்கும் வேண்டும். வாக்கியத்தை முந்திக்கொண்டு முடிப்பதில் மனைவிமார்கள் ஏஐக்குச் சளைத்தவர்கள் இல்லை.

எனக்கு மூளை முடக்குவாதம். நான் பேசுவது வீட்டில் எல்லோருக்கும் புரியும், போனுக்கு மட்டும் புரியாது. இது எப்போது மாறும்?

போனுக்குப் பாடம் நடத்தியவர்கள் எல்லோரும் தெளிவாகப் பேசுகிறவர்கள், அதனால்தான். உங்கள் மாதிரிப் பேச்சு அதன் காதில் விழவே இல்லை. கூகுள் 2019-இல் யூஃபோனியா என்ற திட்டத்தில் இத்தகைய குரல்களைச் சேகரிக்க ஆரம்பித்தது. 2022-இல் இலினாய் பல்கலைக்கழகம் அமேசான், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஐந்தையும் ஒரே திட்டத்தில் சேர்த்து அதே வேலையைத் தொடங்கியது. இரண்டுமே ஆங்கிலத்தில் ஆரம்பித்தவை. தமிழில் பேசுகிற நமக்கு இன்னும் நாளாகும், ஏமாற்ற விரும்பவில்லை.

அதுவரை ஒரு குறுக்கு வழி. 2024-இல் ஐபோனில் வந்த வோக்கல் ஷார்ட்கட்ஸில், நீங்கள் சொல்கிற விதத்திலேயே ஒரு சொல்லைப் பதிந்து ஒரு வேலையோடு இணைத்துவிடலாம். ஒரு சொல் அம்மாவுக்கு அழைப்பு, இன்னொன்று விளக்கை அணைக்க, இப்படி. நீங்கள் போன் மாதிரிப் பேசிப் பழக வேண்டியதில்லை, அது உங்களைப் பழகிக்கொள்ளும்.

எனக்கு கவனக்குறைவுக் கோளாறு இருப்பது 35 வயதில்தான் தெரிந்தது. வேலைகளைப் பிரித்துத் தரச் சொல்லி ஏஐயிடம் கேட்கிறேன். இது சோம்பேறித்தனமா? எதிரே இருப்பவரின் உணர்ச்சியைச் சொல்லும் கருவிகளும் வருகின்றனவாமே?

சோம்பேறித்தனம் இல்லை. "வீட்டைச் சுத்தம் செய்" என்பது உங்களுக்கு மலை, "தரையில் கிடக்கிற துணியை மட்டும் எடு" என்பது படிக்கட்டு. அதைப் பிரித்துக் கொடுக்கவே கோப்ளின் டூல்ஸ் என்று ஒரு தளம் இருக்கிறது, பிரித்தது போதாது என்றால் இன்னும் பொடிப்பொடியாக்கும். தப்பாகப் பிரித்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

உணர்ச்சி சொல்லும் கருவி வேறு கதை. முகத்தை வைத்து மனதைச் சொல்லிவிடலாம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2019-இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பார்த்து எழுதினார்கள். அலுவலகத்திலும் பள்ளியிலும் அத்தகைய கருவிகளை, மருத்துவம், பாதுகாப்பு தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்து, அது 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. எதிரே இருப்பவர் கோபமாக இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமா, அவரையே கேட்டுவிடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். சக்கர நாற்காலி பயன்படுத்துபவள் என்பதை எழுதலாமா? இப்போதெல்லாம் ஏஐதான் வடிகட்டுகிறதாமே?

பல இடங்களில் அப்படித்தான். 2024-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரே விண்ணப்பத்தை இரண்டு விதமாக எழுதி சாட்ஜிபிடியை அப்போது இயக்கிய ஜிபிடி-4 என்ற ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மாற்றுத்திறன் தொடர்பான விருது, உறுப்பினர் பதவி சேர்த்ததைப் பெரும்பாலும் கீழே தள்ளியது. கூடுதலாக விருது வாங்கியவர் கீழே போகிறார், வேடிக்கையைப் பாருங்கள். பாரபட்சம் பார்க்காதே என்று அறிவுறுத்தியபோது ஓரளவு திருந்தியது, எல்லா வகை மாற்றுத்திறனுக்கும் அல்ல.

என் யோசனை இது, ஆளாளுக்கு மாறலாம். முதல் விண்ணப்பத்தில் வேலைக்குச் சம்பந்தமான தகுதியை மட்டும் எழுதுங்கள், அது மறைப்பதாகாது. நேர்காணலுக்கு அழைத்தபின் படி இல்லாத வழி வேண்டும் என்று கேளுங்கள். வீடியோ நேர்காணலை மென்பொருள் மதிப்பிடுகிறதா, மனிதரா என்றும் கேளுங்கள், மென்பொருள் என்றால் மாற்று வழி கோருங்கள். விண்ணப்பம் எழுத ஏஐ உதவியை வாங்கிக்கொண்டால் இல்லாத தகுதியை எல்லாம் சேர்த்துவிடுகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

சிறிய இணையதளம் நடத்துகிறேன். ஒரு வரி நிரலைச் சேர்த்தால் ஏஐ தானாகவே மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி தளத்தை மாற்றிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மேல் அமெரிக்க வணிக ஆணையம் 2025-இல் நடவடிக்கை எடுத்து 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. எனக்குத் தெரிந்த ஸ்கிரீன் ரீடர் பயனர்கள் பலர், இந்த நிரல் தளத்தில் கொண்டுவந்து வைக்கும் பொத்தானைக் கண்டதும் அதை அணைக்கத்தான் வழி தேடுவார்கள். படத்துக்கு விளக்க வரி, பொத்தானுக்குப் பெயர், எழுத்துக்கும் பின்னணிக்கும் நல்ல வேறுபாடு, மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் எல்லா இடமும் போக முடிவது. இந்த நான்கை உங்கள் நிரலாளரே ஒரு வாரத்தில் செய்துவிடலாம்.

மூளையில் சிப் வைத்தால் பேச முடியாதவர்கள் பேசலாமாமே?

உண்மைதான், ஆனால் இன்னும் ஆய்வு நிலையில்தான். பேச நினைப்பதை மூளைச் சமிக்ஞையிலிருந்து சொல்லாக மாற்றுவதில் 2023-இல் இரண்டு குழுக்கள் நிமிடத்துக்கு 62 சொல், 78 சொல் வேகத்தை எட்டின, 2024-இல் இன்னொரு குழு 97 சதவீதத் துல்லியம் வரை போனது. ஒவ்வொன்றும் மண்டையைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை, ஒவ்வொன்றும் ஒரே ஒருவரிடம் நடந்த சோதனை. மேலே எழுதிய அம்மாவின் கணவர் இதற்காகக் காத்திருக்காமல் இன்றே பதிவை ஆரம்பிக்கட்டும்.

இந்தப் பதில்களையெல்லாம் நீங்கள் எழுதுகிறீர்களா, ஏஐ எழுதுகிறதா?

நான்தான். ஆனால் உங்கள் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டியது ஏஐ. தட்டச்சு செய்து வந்தவற்றில் பிரச்சினை இல்லை. கையால் எழுதி வந்த ஒரு கடிதத்தை அது படித்தபோது கடைசியில் "தங்கள் பணி தொடர வாழ்த்துகள்" என்று வந்தது. கையெழுத்துக் கடிதம் என்பதால் சந்தேகப்பட்டு அண்ணன் மகனிடம் கொடுத்தேன். வாழ்த்து எதுவும் இல்லை. "போன முறையும் எழுதினேன், பதில் போடவில்லை, இந்த முறையாவது போடுவீர்களா பார்க்கிறேன்" என்று இருந்தது. அலுவலகக் கூட்டம் பற்றிக் கேட்டிருந்த நண்பரே, போட்டுவிட்டேன்.